மதிப்பெண் வந்த வழி

சென்னை மாகாணத்தின் திண்ணைப் பள்ளிகளில் பொதுத்தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. விசயதசமியன்று ஏடு தொடங்கிய பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினான். கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி என்று பாடம் அவரவர் வேகத்தில் நகர்ந்தது. ஒரு சுவடியைத் தடையின்றி ஒப்பித்தவனுக்கு அடுத்த சுவடி தொடங்கும். முன்னேறிய மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். கணக்கு எழுதவும் கடிதம் படிக்கவும் வந்துவிட்டதா என்பதே தேர்ச்சிக்கு அளவுகோல்.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. இப்பள்ளிகளின் குறைகளும் பெரியவை. பெண்கள் மிகச் சிலரே படித்தனர், தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை, தண்டனைகள் கொடியவை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று 1844இல் அறிவிக்கப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு உத்தியோகத்துக்கு வாசலானது. தொடக்கப் பள்ளிகளுக்கோ, தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் தரும் முறை வந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைச் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் கிடைக்கும். ஆசிரியரின் வருமானமே தேர்வைச் சார்ந்ததால், தேர்வில் வராதவை பாடத்திலிருந்து நழுவின. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு தொடக்கக் கல்விக்கு இம்முறையை ஆதரித்தது. வைஸ்ராய் கர்சன் காலத்தில் வெளியான 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானமோ, தேர்வுகள் கல்வியை அளவுமீறி ஆட்கொண்டதைக் கண்டித்தது.

இம்மாற்றத்தின் விளைவைக் கும்பகோணம் அரசுக் கல்லூரி ஒன்றிலேயே காணலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1876இல் அவர் மறையும்வரை பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், பட்டம் ஏதுமின்றி 1880இல் அங்கே தமிழாசிரியரானார். அதுவரை அப்பணியில் இருந்த தியாகராச செட்டியார் அவருடைய புலமையை அறிந்து பரிந்துரைத்தார். 1904இல் அதே கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த கணிதமேதை இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய எஃப்.ஏ. என்னும் கல்லூரி இடைநிலைத் தேர்விலும் அவர் தேறவில்லை. ஆனால் 1918இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

விடுதலைக்குப் பின் பள்ளிகள் எல்லாருக்கும் திறந்தன. அதே வேளையில் பொதுத்தேர்வின் பிடியும் இறுகியது. தமிழ்நாட்டில் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானித்தது. கிராமத்து மாணவர்களுக்கு அது நன்மை செய்தது. ஆனால் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. மானியக் காலத்தில் நேர்ந்தது மீண்டும் நேர்ந்தது. அதைத் தடுக்க 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது.

எதிர்த்திசை முயற்சிகளும் நடந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் படித்தனர். 2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது.

மானியம், உத்தியோகம், கல்லூரி இடம் ஆகியவை ஒரே தேர்வோடு கட்டப்பட்ட போதெல்லாம் கற்றல் பின்னுக்குப் போயிற்று என்பதே இவ்வரலாறு காட்டுவது. மாணவர் கல்வியை விரும்ப வேண்டுமானால் அறிவுரை மட்டும் போதாது; அந்தக் கட்டு தளர வேண்டும்.