வெக்கை நடந்த வழி

ஆப்பிரிக்கா என்றவுடன் நம் மனக்கண்முன் எழும் காட்சி எது? எல்லை தெரியாத புல்வெளி; ஆங்காங்கே குடைபோல் விரிந்த வேலமரம்; அடிவானம்வரை நகரும் விலங்குக் கூட்டம். அக்காட்சியில் மனிதர் எவரும் இரார். பாடநூலும் நாட்காட்டியும் தொலைக்காட்சியும் நமக்கு இதையே காட்டி வந்துள்ளன. மனிதன் காலடி படாத நிலம் அது என்று நாமும் நம்பிவிட்டோம்.

ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புடைய கண்டம் அது. 54 நாடுகளும் 140 கோடிக்கு மேற்பட்ட மக்களும் ஏறக்குறைய 2,000 மொழிகளும் அதில் உள்ளன. சகாராவின் மணலும் காங்கோவின் மழைக்காடும் எத்தியோப்பியாவின் மேட்டுநிலமும் கலகாரியின் வறண்ட வெளியும் அதில் அடங்கும். இத்துணைப் பெரிய கண்டத்தின் கதையை ஒரு கட்டுரையில் சொல்லி முடித்தல் இயலாது. ஆனால் ஒரு நோயின் கதையைச் சொல்லலாம். அந்த நோய் நடந்த வழியே நாமும் நடந்தால், நிலமும் மக்களும் விலங்கும் அங்கே எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பது புலனாகும். ஆளில்லாப் புல்வெளி எவ்வாறு ஆளில்லாமற் போயிற்று என்பதும் புலனாகும்.

மசாவாவில் இறங்கிய மாடுகள்

அந்த நோயை நம் உழவர்கள் 'வெக்கை' என்பர். தட்டம்மைக் கிருமிக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒரு நுண்கிருமியால் மாடுகளுக்கு வருவது அது. கடுங்காய்ச்சல் அடிக்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் புண்ணாகும், பின்னர் கழிச்சல் கண்டு, ஓரிரு வாரத்திற்குள் மாடு மடிந்துவிடும். ஆசியாவும் ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த நோய் இது. சகாராவுக்குத் தெற்கிலிருந்த மந்தைகளோ இதனைப் பெரும்பாலும் அறியா. அறியாத உடலில் எதிர்ப்பாற்றல் ஏது?

1885ஆம் ஆண்டு இத்தாலியப் படை செங்கடற் கரையிலுள்ள மசாவாத் துறைமுகத்தைக் கைப்பற்றியது. அப்படையின் உணவுக்காகவும் சுமை இழுக்கவும் மாடுகள் கப்பலில் வந்திறங்கின. 1887ஆம் ஆண்டளவில் அவற்றோடு வெக்கையும் வந்திறங்கியது. அம்மாடுகள் இந்தியாவிலிருந்தோ ஏடனிலிருந்தோ வந்தவை என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. நோயைக் கொண்டுவர வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. ஆயினும் ஒரு நாட்டை அடிமைப்படுத்த வந்த படையின் மூட்டை முடிச்சுகளோடுதான் அது வந்தது.

எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் மாடு என்றால் உழவு. பத்தில் ஒன்பது மாடுகள் மாண்டன என்பர். ஏர் பூட்ட எருதில்லை. 1888இல் மழையும் பொய்த்தது. வெட்டுக்கிளியும் புழுவும் எஞ்சிய பயிரைத் தின்றன. 1892வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தை அம்மக்கள் 'கொடிய நாட்கள்' என்றே இன்றும் நினைவுகூர்கின்றனர். மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. கையால் மண்ணைக் கொத்துவது இழிவு என்று கருதியோருக்கு வழிகாட்டப் பேரரசர் மெனெலிக் தாமே மண்வெட்டி பிடித்தார் என்று கூறப்படுகிறது. அந்த நாடு மீண்டெழுந்து, 1896 மார்ச் 1 அன்று அட்வாப் போரில் இத்தாலியப் படையை முறியடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா நாடுகளுக்கும் அவ்வாறு மீள்வதற்குக் காலம் வாய்க்கவில்லை.

தெற்கு நோக்கி

வெக்கை தெற்கே நடந்தது. மேய்ச்சல் வழிகளும் வணிக வழிகளும் அதற்குப் பாதையாயின. 1890, 1891ஆம் ஆண்டுகளில் அது கிழக்கு ஆப்பிரிக்காவை அடைந்தது. அங்கே மாசாய் மக்கள் வாழ்ந்தனர். மாடே அவர்களுக்கு உணவு, மாடே செல்வம், மாடே உறவு. மணமகள் வீட்டாருக்கு மாடு, நண்பனுக்கு மாடு, வறியவனுக்குக் கடனாகவும் மாடு. மாடு போயிற்று என்றால் உணவு மட்டும் போகவில்லை, ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற ஏற்பாடு முழுவதும் போயிற்று. அதன்பின் பெரியம்மையும் தாக்கியது. அக்காலத்தை மாசாய் மக்கள் 'எமுத்தாய்' என்றனர். முற்றாகத் துடைத்தெறிதல் என்பது அதன் பொருள்.

1892இல் ஆஸ்திரியரான ஆஸ்கர் பவுமன் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தை அடைந்தார். எலும்பும் தோலுமாய் நின்ற பெண்களையும், தவழக்கூட வலுவற்ற இளம் வீரர்களையும் தம் பயணக்குறிப்பில் அவர் விவரித்துள்ளார். மாசாய் மக்களில் மூன்றில் இரு பங்கினர் அழிந்திருப்பர் என்பது அவரது கணிப்பு. இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து யானையும் சிங்கமும் கண்டு மகிழும் அதே பள்ளம்தான் அது.

1896இல் வெக்கை சாம்பசி ஆற்றைக் கடந்தது. தென்னாப்பிரிக்காவில் அக்காலத்துச் சரக்கெல்லாம் எருது பூட்டிய வண்டிகளிலேயே சென்றது. வழிநெடுக எருதுகள் மடிந்து கிடக்க, வண்டிகள் நடுவழியில் நின்றன. வேலியிட்டனர், நோய் கண்ட மந்தைகளைச் சுட்டனர். நோய் நிற்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கிம்பர்லிக்கு அழைக்கப்பட்டார். நோயுற்ற மாட்டின் பித்தநீரைக் கொண்டு தடுப்பூசி போடும் முறையை அவர் 1897இல் வெளியிட்டார். அக்கொள்ளைநோயில் சாம்பசிக்குத் தெற்கே இலட்சக்கணக்கான மாடுகள் மாண்டன. பத்தே ஆண்டுகளில் செங்கடலிலிருந்து நன்னம்பிக்கை முனைப் பகுதிவரை வெக்கை ஒரு கண்டத்தின் நீளத்தைக் கடந்துவிட்டது.

ஆளில்லா நிலம் உருவான விதம்

மாண்டவை மாடுகள் மட்டுமல்ல. காட்டெருமையும் ஒட்டகச்சிவிங்கியும் பெருமான் இனங்களும் ஆயிரமாயிரமாய் மடிந்தன. ஆனால் கொள்ளைநோய் தணிந்தபின் காட்டு விலங்குகள் மாடுகளைவிட விரைவில் பெருகின. இதன் விளைவைச் சற்று ஊன்றிக் கவனிப்போம்.

மாடு மேயும் நிலத்தில் புதர் மண்டாது. ஆயர்கள் ஆண்டுதோறும் முதிர்ந்த புல்லுக்குத் தீயிட்டு நிலத்தைத் திறந்தவெளியாக வைத்திருந்தனர். மாடும் ஆயரும் மறைந்தபின் புதர் வளர்ந்தது. அப்புதரின் நிழலில் செட்சி ஈ குடிகொண்டது. மீண்டு வந்த காட்டு விலங்குகளின் இரத்தம் அதற்கு உணவாயிற்று. இந்த ஈ கடித்தால் மாட்டுக்கு நாகனா என்னும் நோய் வரும். மனிதருக்கு உறக்க நோய் வரும். எனவே, எஞ்சிய சில மாடுகளுடன் திரும்பி வர நினைத்தோர்க்கும் வழி அடைபட்டது. உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில் 1900ஆம் ஆண்டுக்குப்பின் உறக்க நோய் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆட்சியாளர் எஞ்சியோரை ஏரிக்கரையிலிருந்து அகற்றினர், அக்கரையும் காடாயிற்று.

இந்த வேளையில்தான் ஐரோப்பிய ஆட்சியாளர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் கால் ஊன்றினர். அவர்கள் கண்டது பாதி காலியான நிலத்தை. நேற்றுவரை அங்கே யார் இருந்தனர் என்று கேட்போர் சிலரே. கென்யாவில் 1904ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மாசாய் மக்கள் இரு ஒதுக்கிடங்களுக்குள் அடக்கப்பட்டனர். அவ்விடங்கள் என்றும் அவர்களுக்கே என்று வாக்களிக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1911இல், வடக்கிலிருந்த லைக்கிப்பியாவிலிருந்தும் அவர்கள் அகற்றப்பட்டனர். மாசாய் மக்கள் வழக்குத் தொடுத்தனர். உடன்படிக்கை இரு அரசுகளுக்கு இடைப்பட்டது, அதை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று கூறி நீதிமன்றம் 1913இல் வழக்கைத் தள்ளியது. நிலத்தை எடுக்கும்போது குடிமக்கள். நீதி கேட்கும்போது அயல்நாட்டார்!

செரங்கெட்டி

எல்லையின்றி விரியும் வெளி என்னும் பொருள்படும் மாசாய்ச் சொல்லிலிருந்து வந்தது செரங்கெட்டி என்னும் பெயர். 1951இல் அது தேசியப் பூங்காவாயிற்று. பிராங்க்பர்ட் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் பெர்ன்கார்டு கிரிசிமெக் தம் மகனுடன் சிறு விமானத்தில் பறந்து அங்குள்ள விலங்குகளை எண்ணினார். 1959 சனவரியில் அவ்விமானம் விழுந்து மகன் மாண்டார். தந்தையின் நூலும் திரைப்படமும் செரங்கெட்டியை உலகறியச் செய்தன. அவரது அன்பு பொய்யன்று. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. ஆயினும் தேசியப் பூங்காவினுள் அந்நிலத்து மக்களும் வாழலாகாது என்பது அவரது உறுதியான கொள்கை. 1959இல் மாசாய் மக்கள் செரங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் வாழ அனுமதிக்கப்பட்டனர். 1974இல் அங்குள்ள எரிமலைப் பள்ளத்திலிருந்தும் அவர்கள் அகற்றப்பட்டனர்.

இனி வருவது பலரும் அறியாத செய்தி. 1961இல் செரங்கெட்டியில் வைல்டுபீஸ்ட் என்னும் தாடியுள்ள பெருமான்கள் ஏறக்குறைய இரண்டரை இலட்சமே இருந்தன. 1977இல் அவை 14 இலட்சம் வரை பெருகின. எப்படி? கென்யாவிலுள்ள முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளவுரைட் வெக்கைக்கு நல்லதொரு தடுப்பூசியைக் கண்டார். சுற்றுப்புறத்து ஆயர்களின் மாடுகளுக்கு அது போடப்பட்டது. மாட்டில் நோய் நின்றதும் மானிலும் நின்றது. பெருகிய மான்கள் புல்லை மேய்ந்தன. புல் குறையவே காட்டுத்தீ குறைந்தது. தீ குறையவே இளமரங்கள் தழைத்தன. ஆயரின் கொட்டிலில் இருந்த மாட்டுக்குச் செய்த மருத்துவம் காட்டு விலங்குக்கும் மரத்துக்கும் உயிர் கொடுத்தது. மனிதனை விலக்கினால்தான் காடு பிழைக்கும் என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோய் ஒழிந்தது, கேள்வி ஒழியவில்லை

வெக்கையை இறுதியாக ஒழித்ததிலும் ஆயர்களுக்குப் பெரும் பங்குண்டு. பாதையில்லாத, போர் நடந்த பகுதிகளுக்கு மருத்துவர் செல்ல இயலவில்லை. வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசி வந்தபின், பயிற்சி பெற்ற ஆயர்களே அதைச் சுமந்து கால்நடையாய்ச் சென்று தம் மந்தைகளுக்குப் போட்டனர். எத்தியோப்பியாவின் அஃபார் மக்களிடையிலும் தென் சூடானிலும் இவ்வாறே நோய் அகன்றது. எந்த மந்தை எங்கே இருக்கும், எந்தக் கழிச்சல் வெக்கை, எது வெக்கையன்று என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தோர் யார்?

இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995இல், நம் தமிழ்நாட்டில். உலகில் கடைசியாகக் காணப்பட்டது 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளிடையே. 2011ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வெக்கை உலகிலிருந்து ஒழிந்தது என்று அறிவித்தது. பெரியம்மைக்குப்பின் மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

நோய் போயிற்று. ஆனால் நோயினால் காலியான நிலம் யாருக்கு என்னும் கேள்வி போகவில்லை. 2022 சூன் மாதத்தில் தான்சானியாவின் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வேட்டைக் காப்பிடமாக்க எல்லைக்கல் நடப்பட்டபோது, எதிர்த்த மாசாய் மக்களுக்கும் காவலருக்கும் மோதல் மூண்டது. இம்முறை எல்லைக்கல் நட்டது அயல்நாட்டு அரசன்று. அவர்களது சொந்த அரசே. விலங்குகளைக் காத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்விலங்குகளோடு பல தலைமுறை வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்தித்தான் அவற்றைக் காக்க வேண்டுமா என்பதில் ஐயமுண்டு.

இனி அந்தப் புல்வெளியின் படத்தை நாம் காணும்போது, அழகை வியப்பதோடு நின்றுவிட வேண்டாம். அந்த வேலமரத்தடியில் யாருடைய மந்தை படுத்திருந்தது, யாருடைய குழந்தை விளையாடியது என்றும் கேட்போம். ஒரு நிலம் வெறுமையாய்த் தோன்றினால், அது எக்காலமும் வெறுமையாகவே இருந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன், அங்கிருந்தோர் எங்கே என்று கேட்பது நம் கடமை.