இதய ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை எப்போது தேறும்?

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து, வேலூரிலோ சென்னையிலோ ஆபரேஷன் முடித்துத் திருவண்ணாமலைக்குத் திரும்பும் குடும்பத்தார் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஜ்ரத், ஓட்டையை அடைச்சாச்சு. பிள்ளை ஏன் இன்னும் ஒல்லியாவே இருக்கு?"

முதலில், ஏன் மெலிந்தது என்று பார்ப்போம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால், உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு மீண்டும் நுரையீரலுக்கே போகிறது. குழந்தை வேகமாக மூச்சு வாங்கும். பால் குடிக்கும்போது தலை வியர்க்கும், பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடும். குடித்த கொஞ்சமும் மூச்சுவிடுவதற்கே செலவாகிவிடுகிறது. இதில் தாயின் பாலுக்கோ வளர்ப்புக்கோ எந்தக் குறையும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் இதை அவசியம் புரிந்துகொள்ள வேண்டும்.

"கொஞ்சம் எடை ஏறட்டும், பிறகு ஆபரேஷன்" என்று குடும்பமே முடிவு செய்து தள்ளிப்போடுவதும் தவறு. எடை ஏறாததற்கே அந்த ஓட்டைதான் காரணம். அதிகம் தாமதித்தால் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, ஆபரேஷனே செய்ய முடியாத நிலைகூட வரலாம். நாள் குறிப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவோம்.

ஆபரேஷனுக்குப் பின் பொதுவாக முதலில் எடை ஏறும், சில மாதங்களிலேயே தெரியும். உயரம் கூட இன்னும் நாளாகும். கொச்சி அமிர்தா மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. சிகிச்சைக்கு வந்தபோது நூற்றுக்கு 59 குழந்தைகள் எடை மிகக் குறைந்திருந்தார்கள். 2 ஆண்டுகளுக்குப் பின் அது சுமார் 27 ஆகக் குறைந்தது. தேறாதவர்களில் பலர் பிறக்கும்போதே இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள், அல்லது சிறிய உடல்வாகுள்ள பெற்றோரின் பிள்ளைகள். ஆகவே ஒல்லியாக இருப்பதை வைத்து மட்டும் ஆபரேஷன் சரியாகவில்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அங்கன்வாடி எடை அட்டையில் போன மாத எடையோடு ஒப்பிடுங்கள்.

ஒரேயடியாகத் திணிக்காமல், சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுங்கள். பாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். உணவில் எண்ணெய், நெய் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் நோன்பு வைத்தால் குழந்தைக்குப் பால் குறையும் என்று அஞ்சும் தாய்க்கு நோன்பை விட்டுவிட மார்க்கத்தில் சலுகை உண்டு. மாமியார்மார் இதில் வற்புறுத்தக் கூடாது.

வேலூர் இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். மறுபரிசோதனைத் தேதியை விட்டுவிடாதீர்கள். எடை ஏறுவது நின்றுபோனாலோ, பால் குடிக்கையில் பழையபடி வியர்த்து மூச்சு வாங்கினாலோ அந்தத் தேதி வரை காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.