தோட்டத் தீயணைப்பு (சப்ரகமுவ)

தோட்டத் தீயணைப்பு என்பது இலங்கையின் பெருந்தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயம் தீப்பற்றும்போது லயத்து மக்களே கூடி அணைக்கும் ஏற்பாடு. இதற்குப் பெயர்ப்பலகையோ சீருடையோ வண்டியோ கிடையாது. உறுப்பினர் பதிவேடும் இல்லை. பிற நாடுகளில் தன்னார்வத் தீயணைப்புப் படை செய்யும் வேலையை இங்கே தோட்டத் தலைவர், கோவில் கமிட்டி, மரண சகாய சங்கம் ஆகிய மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூன்றில் எதுவும் தீக்காகத் தொடங்கப்பட்டதல்ல. இக்கட்டுரை இரத்தினபுரி மாவட்டத்து ஓப்பநாயக்கப் பகுதியை முன்வைத்து எழுதப்பட்டது. கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

அமைவிடம்

ஓப்பநாயக்க, பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் ஏ4 பெருவீதியில் உள்ள சிறுநகர். தனிப் பிரதேச செயலகப் பிரிவாகவும் உள்ளது. ஹுனுவெல முதலிய தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கின்றன. 2 அடி 6 அங்குல அகலமுள்ள களனிவெளி இரயில் பாதை ஒருகாலத்தில் அவிசாவளை, இரத்தினபுரி வழியாக வந்து இவ்வூரில்தான் முடிந்தது. அவிசாவளைக்கு அப்பாலான பாதை 1970களில் மூடப்பட்டது. தேயிலைப் பெட்டியை ஏற்றிப்போக இரயில் வந்த ஊர் இது. தீயை அணைக்க வண்டி வருவது இன்றும் அரிது.

இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் மாநகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. அழைப்பு எண் 110. மாவட்டத் தலைநகரான இரத்தினபுரி ஓப்பநாயக்கவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெருவீதியில் அந்தத் தூரம் பெரிதில்லை. பெருவீதியை விட்டுத் தோட்டப் பிரிவான டிவிசனுக்கு ஏறும் தோட்டப் பாதையில்தான் வண்டி தடுமாறும். அது வந்து சேர்வதற்குள் கூரை உள்ளே விழுந்திருக்கும்.

லயமும் தீயும்

இந்த ஏற்பாடு ஏன் இப்படி அமைந்தது என்பதை அறிய லயத்தின் அமைப்பை அறிய வேண்டும். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய காம்பராக்களின், அதாவது அறைகளின், தொகுதி. ஒற்றை லயம், இரட்டை லயம் என இருவகை. இரட்டை லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்னும் விறாந்தை. ஆறு, பன்னிரண்டு, இருபது, இருபத்துநான்கு காம்பராக்கள் என லயத்தின் நீளம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

காப்பிக் காலத்தில் சுவர் மண்ணாகவும் கூரை மானாப்புல்லாகவும் இருந்தன. பொறி விழுந்தால் அந்தக் கூரை நிமிடங்களில் போய்விடும். ஆனால் அதைத் திரும்ப வேய்வதும் ஓரிரு நாள் வேலைதான். தொழிலாளிக்கு இருந்த உடைமையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியது. 1869இல் இலைநோய் வந்து காப்பி அழியத் தொடங்கி, தேயிலை பரவியபின் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் வந்தன. மருத்துவ வசதிகள், தொழிலாளர் நோய்கள் தொடர்பாக 1912இல் வந்த கட்டளைச் சட்டங்களுக்குப் பிறகு லயத்தின் காற்றோட்டம், வடிகால் பற்றி அதிகாரிகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய கவலையெல்லாம் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும்தான். தீயைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தகரம் எரியாது என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் மரச்சட்டம் எரியும். பல பழைய லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா எழுப்பிய இடைச்சுவர் கூரையைத் தொடாமல் நின்றுவிடுகிறது. முகட்டுக்கடியில் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே வெளி. அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, காய வைப்பது வழக்கம். அவை நாள்பட்ட புகையில் கறுத்துக் காய்ந்து கிடக்கும். ஆகவே ஒரு காம்பராவில் பிடித்த தீ பக்கத்துக் கதவைத் தட்டுவதில்லை, முகட்டு வழியாகவே போய்விடுகிறது. ஒரு லயத்தில் ஒரு வீடு மட்டும் எரிந்தது என்ற செய்தி அபூர்வம். பத்து வீடுகள், இருபது வீடுகள் என்றுதான் வரும். பிற்காலத்தில் இட நெருக்கடியால் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து அறையாக்கியதும் தீக்கு வசதியாயிற்று.

தீயின் மூலங்கள் காலத்துக்கேற்ப மாறின. குப்பி விளக்கும் விறகடுப்பும் முதலில். பிறகு மின்சாரம். இரண்டு விளக்குகளுக்கு என்று இழுத்த பழைய வயரில் இன்று தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் தொங்குகின்றன. லயத் தீக்குச் சொல்லப்படும் காரணம் இப்போது பெரும்பாலும் மின்கசிவுதான். சாமி விளக்கும் சிலநேரம் பழி சுமக்கும்.

கங்காணி காலம்

தோட்டத்துச் சுயநிர்வாகத்தின் வேர் தொழிற்சங்கத்தில் இருப்பதாகச் சங்கத்தார் எழுதுவது வழக்கம். அதற்கும் முன்னால் கங்காணியின் ஆள்கட்டிலேயே அந்த வேர் இருந்தது. பெரியகங்காணி தமிழ்நாட்டில் தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் திரட்டி அழைத்துவந்தார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒரு சில்லறைக் கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் உறவினர், ஒரே ஊரார், ஒரே சாதியார். அவர்கள் ஒரே லயத்திலோ பக்கத்து லயங்களிலோ இருந்தார்கள். முன்பணக் கடனும் துண்டும் கங்காணி வழியாகவே வந்தன. துண்டு என்பது கடன் விவரம் எழுதிய சீட்டு. அது இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்தில் சேர முடியாது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இத்தகைய கட்டுக்குள் வாழ்ந்த லயத்தில் ஆபத்துக்கு யார் வருவது, யார் சொல்லைக் கேட்பது என்ற கேள்விக்கே இடமில்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் எழுப்பத் தப்பு என்னும் பறை அடிக்கப்பட்டது. சாவுக்கு அடிக்கும் அடி வேறு, திருவிழாவுக்கு வேறு. நேரங்கெட்ட நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டால் லயம் எழுந்துகொள்ளும். கங்காணி கை காட்டிய இடத்தில் ஆண்கள் கூரையேறினார்கள், பெண்கள் பீலி என்னும் நீர்க்குழாயிலிருந்து குடம் கைமாற்றினார்கள். அந்த ஒழுங்கில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது. அணைத்து முடித்தபின் எரிந்த பொருளுக்குக் கங்காணியிடமே புதுக்கடன் வாங்க வேண்டியும் இருந்தது. கங்காணி முறையை வெறும் கொடுமை என்றே எழுதிவருபவர்கள் இந்த ஒழுங்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்டோர் என்று மக்கள் சொல்லும் தேயிலை ஆலை இதில் தனிக்கதை. ஆலையில் இலை உலர்த்தும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். விறகு மலைபோல் குவிந்திருக்கும். அதனால் தோட்டத்தில் சிவப்பு வாளியும் மணலும், பிற்காலத்தில் தீயணைப்புக் குப்பியும் முதலில் தொங்கியது அங்கேதான். ஆலைக்குக் காப்பீடும் இருந்தது. அதே துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், அதே தோட்டத்தில் அரைமைல் தள்ளியிருந்த லயத்துக்கு ஒரு வாளிகூட ஒதுக்கப்படவில்லை என்பதிலிருந்து எது சொத்தாக எண்ணப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

தலைவரும் கமிட்டியும்

1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் வந்தது. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கப் பிரிவே பிற்பாடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. இவற்றின் வழியே தோட்டந்தோறும் கமிட்டி வந்தது. அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், மாதர் சங்கத் தலைவி. கங்காணியின் இடத்தைத் தலைவர் மெல்ல எடுத்துக்கொண்டார். துரையிடம் போய்ப் பேசுபவர், பொலிசுக்குப் போகிறவர், பஞ்சாயத்துச் சொல்பவர் எல்லாம் அவரே. தீயென்றால் முதலில் போகும் குரலும் ‘தலைவரே’ என்பதுதான்.

ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்கள் இருப்பதால் இரண்டு மூன்று தலைவர்களும் இருப்பார்கள். தீ எரியும்போது இதனால் சிக்கல் வருவதில்லை. முதலில் வந்து சேர்ந்தவர் சொல்வதை மற்றவர் கேட்பார். சிக்கல் மறுநாள் காலையில் தொடங்கும். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை தகரம், நிவாரணப் பட்டியலில் ஒரே காம்பராவில் இருக்கும் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமா ஒன்றா, அரசியல்வாதி வந்தால் யார் முன்னால் நிற்பது என்பவை சங்கத்துக்குச் சங்கம் இழுபடும். கிராம சேவகரின் அறிக்கை இவற்றுக்கு முடிவு கட்டும், அல்லது கட்டாது.

சந்தா

ஒரு தன்னார்வ அமைப்பின் எலும்பு அதன் பணம். தோட்டத்தில் அதற்குரிய வழி செக்ரோல் என்னும் சம்பளப் பேரேடு. சங்கச் சந்தா, கோவில் சந்தா, சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் உரியது என்று பல கழிவுகள் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டன. மரண சகாய சங்கத்துக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை ஆண்டுப் பொதுக்கூட்டம் தெரிவுசெய்யும். தொடர்ந்து சில மாதம் சந்தா கட்டாத குடும்பம் உரிமை இழக்கும். கணக்கைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பில்தான் சண்டையும் வரும்.

மரண சகாய சங்கத்தின் சொத்து பந்தல் தகரம், கதிரை, தார்ப்பாய், பெரிய சமையல் பாத்திரம், மின்விளக்கு வரிசை. சாவுக்காக வாங்கியவைதான். லயம் எரிந்த மறுகணம் இவையே வெளியே வருகின்றன. பிள்ளைக்காம்பரா என்னும் குழந்தைக் காப்பகத்திலோ பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ தங்கவைத்த குடும்பங்களுக்கு முதல் சோறு இந்தப் பாத்திரத்தில்தான் வேகும். சாவுக்குத் தரும் தொகையை வீடு எரிந்ததற்குத் தரலாமா என்பதைச் சங்க விதி பெரும்பாலும் சொல்வதில்லை. பொதுக்கூட்டம் கூடாமலே தந்துவிடுவார்கள். கணக்கில் எப்படி எழுதுவது என்பது பொருளாளரின் கவலை.

கோவில் கமிட்டியின் பங்கு ஆட்பலம். திருவிழாவுக்கு இளைஞர்களைத் திரட்டி, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துப் பழகிய அமைப்பு அது ஒன்றுதான். தீமிதி நடக்கும் கோவிலில் விறகு அடுக்குவது, குழியில் தணலைப் பரப்புவது, அருகில் பாலும் நீரும் வைப்பது, கூட்டத்தை எட்ட நிறுத்துவது எல்லாம் கமிட்டியின் கையில். நெருப்பை நிர்வகிக்கத் தோட்டத்தில் யாருக்காவது முறையான பயிற்சி இருந்தால் அது இவர்களுக்குத்தான் என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். கோவில் ஒலிபெருக்கி இப்போது தப்பின் வேலையையும் பார்க்கிறது.

அணைக்கும் முறை

முதல் வேலை ஆட்களை வெளியேற்றுவது. அடுத்தது எரிவாயு உருளையைத் தூக்கி எறிவது. அதற்கடுத்து மெயின் சுவிட்சு. தண்ணீர் குறைவு என்பதால் எரியும் காம்பராவை விட்டுவிட்டு, இரண்டு மூன்று காம்பரா தள்ளிக் கூரைத் தகரத்தைக் கழற்றிச் சட்டத்தை வெட்டி இடைவெளி உண்டாக்குவதே பயன் தரும் வழி. யாருடைய காம்பராவைப் பிரிப்பது என்று அந்த நேரத்தில் முடிவு சொல்வதுதான் தலைவருடைய வேலையிலேயே கடினமானது. பிரித்த வீட்டுக்காரர் மறுநாள் கேட்கும் கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். மலையில் மருந்தடிக்கும் முதுகு டேங்க் சிறு தீக்கு உதவும். வறட்சியில் மானாப்புல் பற்றினால் பச்சைக் கிளையால் அடித்தும், முன்னால் கீற்றாகப் புல்லை வெட்டியும் நிறுத்துவார்கள்.

வைத்த தீ

சப்ரகமுவத் தோட்டங்களில் தீ எப்போதும் தற்செயலாக வந்ததல்ல. 1977இலும், இரத்தினபுரி மாவட்டத்தில் 1981 ஆகஸ்டிலும், நாடெங்கும் 1983 ஜூலையிலும் தமிழருக்கெதிரான வன்முறையில் லயங்கள் கொளுத்தப்பட்டன. குடங்களின் வரிசை அந்த இரவுகளில் பயன்படவில்லை. மக்கள் தேயிலைக்குள்ளும் இறப்பர் காட்டுக்குள்ளும் பதுங்கினார்கள். வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன பலர் திரும்பவில்லை. எஞ்சியவர்களிடம் இரவில் விழித்திருக்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது.

பிற நாடுகளில்

பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1736இல் தொடங்கிய தன்னார்வத் தீயணைப்புச் சங்கம், சிலியின் வல்பரைசோவில் 1851இல் தோன்றிய படை ஆகியவை அடிக்கடி குறிப்பிடப்படுபவை. சிலியில் தீயணைப்பாளர்கள் இன்றும் தன்னார்வலர்களே. செருமனியில் தன்னார்வலர் ஏறத்தாழ 10 இலட்சம். அங்கெல்லாம் வண்டியும் கருவியும் காப்புறுதியும் சட்டமும் பின்னால் நிற்கின்றன. மலேசியத் தமிழர் பொம்பா என்று சொல்லும் தீயணைப்புத் துறையிலும் தன்னார்வப் பிரிவு உண்டு.

இன்றைய நிலை

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டத்துக்குள் சபை செலவுசெய்யத் தடையாக இருந்தது; 2018இல் அது திருத்தப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு கிராம சேவகர் பிரிவுகளில் அனர்த்தக் குழுக்கள் அமைக்கப்பட்டன; அனர்த்த அழைப்பு எண் 117. சப்ரகமுவவில் இக்குழுக்களின் கவனம் மண்சரிவில்தான்: 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மலை சரிந்தபின் அப்படியாகாமல் இருந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழையென்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பதைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். லயத்துக்குப் பதில் தனிவீடு தரும் திட்டங்களில் இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் அடங்கும். தனிவீட்டில் தீ முகட்டு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. தண்ணீர் இன்னும் பீலியிலிருந்துதான் வருகிறது.