50 மி.மீ. லென்ஸ் எப்படி 80 ஆனது?

ஃபிலிம் காலத்தில் எஸ்.எல்.ஆர் கேமரா வாங்கினால் கூடவே வருவது பெரும்பாலும் ஒரு 50 மி.மீ. லென்ஸ்தான். 'நார்மல் லென்ஸ்' என்பார்கள். 1925ல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமரா அறிமுகமானபோதே அதில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் சட்டத்தின் அளவு 36க்கு 24 மி.மீ.

இந்த 50 மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1896ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானர் லென்ஸின் வழிவந்த அமைப்பு அது. கேனானின் எஃப்/1.8 லென்ஸில் ஆறே ஆறு வில்லைகள்! எஸ்.எல்.ஆருக்குள் மிர்ரர் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். நிக்கானில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. 50க்கு இது தொல்லை இல்லை. 35, 24 என்று இறங்கினால் பிம்பத்தைப் பின்னே தள்ள வேறு அமைப்பு வேண்டும். 1950ல் பிரான்சின் ஆன்ஜென்யூ கொண்டுவந்த 'ரெட்ரோஃபோகஸ்' அதுதான். வில்லைகள் கூடும், விலையும் கூடும்.

கேனான் 1987ல் விட்ட 50 எஃப்/1.8ல் உலோக வளையம் இருந்தது. 1990ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதுவும் பிளாஸ்டிக். எடை 130 கிராம். பொம்மை மாதிரி இருந்தாலும் படம் பிரமாதம்!

பிறகு வந்தது டிஜிட்டல். பெரிய சென்சார் செய்வது அநியாயச் செலவு என்பதால் 1999ல் நிக்கான் டி1, 2000ல் கேனான் டி30 எல்லாமே சிறிய சென்சாரோடு வந்தன. 2003ல் கேனான் 300டி 1000 டாலருக்குக் கீழே இறங்கியதும் மாணவர்கள்கூட டி.எஸ்.எல்.ஆர் பற்றிக் கனவு காண முடிந்தது. ஆனால் லென்ஸ் பழையது. 50 மி.மீ. நிக்கானில் 75 போலவும், கேனானில் 80 போலவும் பார்த்தது. ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் சுமார் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு அறைகளில் முதுகு சுவரில் இடிக்கும்!

நிக்கான் 2006ல் இன்னொரு வேடிக்கை செய்தது. விலை குறைந்த டி40ல் ஃபோகஸ் மோட்டாரை எடுத்துவிட்டது. மலிவான கேமரா வாங்கியவருக்கு மலிவான 50 எஃப்/1.8டியில் ஆட்டோஃபோகஸ் இல்லை.

இதற்குப் பதில் 2009ல் கிடைத்தது: சிறிய சென்சாருக்கென்றே செய்த 35 மி.மீ. எஃப்/1.8. உள்ளேயே மோட்டார், விலை 200 டாலர். மேலே சொன்ன நான்கு மீட்டர் இதில் மூன்றுக்குள் வந்தது. நிக்கான்காரர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை.

கேனான்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். 2014ல் வந்த 24 மி.மீ. அறைக்குப் பொருத்தம், ஆனால் எஃப்/2.8, எஃப்/1.8 தரும் ஒளியில் பாதிகூட இல்லை. 2015ல் புதுப்பித்த 50 எஃப்/1.8 எஸ்.டி.எம்மில் உலோக வளையம் திரும்பியது, அப்போது விலையும் 125 டாலர்தான். மேடைக்கும் முகங்களுக்கும் அது போதும், கல்லூரி விழாவே குறி என்றால் 50தான். 55ல் எஃப்/5.6 வரைதான் திறக்கும் கிட் லென்ஸைவிடப் பத்து மடங்கு ஒளி!

காசு கொடுக்கும் முன் 18-55 கிட் லென்ஸை ஒரு நாள் 24லும் மறுநாள் 50லும் நிறுத்தி, ஜூமைத் தொடாமல் வீட்டுக்குள் எடுத்துப் பார்த்தால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.