ஓடுகளிலிருந்து பாண்டம்: உருவமும் வரலாறும்

அகழ்வுகளில் முழுமையான பாண்டம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் கிடைப்பன ஓடுகளே. சக்கரத்தில் வனைந்த பாண்டம் ஓர் அச்சைச் சுற்றிச் சமச்சீராக அமைவது. ஆதலின் விளிம்புத் துண்டொன்றின் வளைவிலிருந்து வாயின் விட்டத்தையும், குறுக்குவெட்டிலிருந்து உடலின் சாய்வையும் கணிக்கலாம். தொல்லியலாளர் நெடுங்காலம் தாளில் வரைந்து செய்த இப்பணியை இன்று முப்பரிமாண வருடியும் கணினியும் விரைந்து செய்கின்றன. பீசாப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2016 முதல் 2019 வரை நடைபெற்ற ஆர்க்கெய்ட் திட்டம், ஓட்டின் படத்தைக்கொண்டே அதன் வகையை இனங்காணக் கணினியைப் பயிற்றியது.

எனினும் உருவம் மீள்வதால் வரலாறும் மீண்டுவிடுமா? 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர், உட்புறத்தே வட்டவட்டமான பொறிப்புடைய ரௌலட்டட் மட்பாண்டம் மத்தியதரைப் பகுதியிலிருந்து வந்ததெனக் கருதினார். அநுராதபுரத்திலும் கந்தரோடையிலும் கிடைத்துள்ள வகையும் இதுவே. 1980களில் விமலா பெக்லி இது இந்திய உற்பத்தியென வாதிட்டார். பின்னர் களிமண்ணின் கனிம, இரசாயனப் பகுப்பாய்வுகளும் அம்முடிவையே வலுப்படுத்தின. உருவத்தையும் அலங்காரத்தையும் மட்டும் நம்பியமையால், துணைக்கண்டத்துக் குயவரின் உழைப்பு அந்நியர் கணக்கில் எழுதப்பட்டது.

கணினி நிரப்பும் பகுதி சான்றன்று, ஊகமே. எனவே கிடைத்த ஓட்டையும் நிரப்பிய பகுதியையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும். சில ஓடுகளைக்கொண்டே இனத்தொன்மைக்கு உரிமைகோரப்படும் நம் நாட்டில் இவ்வொழுங்கு இன்றியமையாதது என்பதே எமது கருத்தாகும்.