கோப்பியிலிருந்து தேயிலைக்கு: மலையகப் பெருந்தோட்ட அமைப்பின் சிக்கலும் நிலைபேறும்

சமுதாயங்கள் தம் பிரச்சினைகளைத் தீர்க்கும்பொருட்டு மேன்மேலும் சிக்கலான அமைப்புகளைத் தோற்றுவிக்கின்றன. ஒரு கட்டத்தின் பின்னர் அச்சிக்கலால் விளையும் பயன் குறைய, அதனைப் பேணும் செலவே கூடிச் செல்கின்றது. இது யோசேப் ரெயின்ரர் 1988இல் முன்வைத்த கருத்தாகும். உரோமப் பேரரசையும் மாயர் நகரங்களையும் அவர் சான்று காட்டினார். நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளும் இக்கருத்துக்கு உரைகல்லாகத் தக்கனவே. ஆயின் அச்செலவைத் தாங்கியோர் யாவர் என்னும் வினாவை ஈண்டு விலக்கிவிட இயலாது.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. மலைக்கு மலை ஒரே பயிர் தொடர்ந்து நின்றமையால், காற்றோடு பரவிய நோய்க்குத் தடையேதும் இருக்கவில்லை. 1880இல் ஆராய வந்த மார்ஷல் உவாட் இதனைத் தெளிவுபடுத்தினார். எனினும் கோப்பி உடனே வீழ்ந்துவிடவில்லை. விலை உயர்ந்திருந்தமையால் விளைச்சல் குறைந்தபோதும் புதிய காடுகள் அழிக்கப்பட்டன, கடனும் பெருகிற்று. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது.

அடுத்து வந்தது, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை. கோப்பிக்குப் பருவகாலத் தொழிலாளரே போதுமாயிருந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர் அறுவடை முடிய ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படல் வேண்டும். பறித்த கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தத் தோட்டத்திலேயே தொழிற்சாலை வேண்டும். அதற்கு விறகும் எந்திரமும் வேண்டும். பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கப் புகையிரதம் வேண்டும். 1885இல் அது நானுஓயாவை எட்டியது. தொழிலாளர் குடும்பங்களாக லயங்களிற் குடியேறினர். அவர்கள் உண்ட அரிசியும் கடல் கடந்தே வந்தது. ஒருபயிர் முறையால் நேர்ந்த கேட்டுக்கு முன்னிலும் சிக்கலான இன்னோர் ஒருபயிர் முறையே மருந்தாயிற்று.

இவ்வமைப்பு உரோமைப் போல வீழ்ந்துவிடவில்லை. அதிர்ச்சிகளை லயங்களின் மீது இறக்கிவைக்க முடிந்தமையே அதற்குத் தலையாய காரணம் எனலாம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1973–74இல் உணவுத் தட்டுப்பாடு நாடெங்கும் நிலவியபோது, பயிரிட நிலமற்ற தோட்டங்களிலேயே பட்டினிச் சாவுகள் மிகுந்தன. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. லய வாழ்க்கையோ பெரிதும் மாறவில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியபோதும், அடுத்த ஆண்டில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கொள்கை வகுத்தோர் கொழும்பில் இருந்தனர். மலையிலோ, குறித்த நிறைக்குக் கொழுந்து சேராத நாள் பிரட்டுக் கணக்கில் ‘அரைப்பேர்’ ஆயிற்று.