ஃப்ளூ தடுப்பூசி: எந்த மாதத்தில் போடுவது?

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹீமாக்ளுட்டினின் என்னும் புரதம் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு உடலில் உருவான எதிர்ப்பொருளுக்கு இந்த ஆண்டின் வைரஸ் பிடிபடாமல் போகலாம். வைரஸ் மாறாவிட்டாலும், ஊசி போட்ட இரண்டு வாரத்தில் போதிய அளவை எட்டும் எதிர்ப்பொருள் சில மாதங்களிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. முதியவர்களுக்கு அது தொடக்கத்திலேயே குறைவாகத்தான் உண்டாகிறது. ஆகவே, தட்டம்மைக்கும் போலியோவுக்கும் குழந்தையின் வயதைப் பார்ப்பதுபோல, ஃப்ளூவுக்கு மாதத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்தத் தடுப்பூசி பற்றிய விவாதம் யாருக்குப் போடுவது, விலை என்ன என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எப்போது போடுவது என்பது அவற்றுக்கு முந்திய கேள்வி.

கால நெருக்கடி தொழிற்சாலையிலேயே தொடங்குகிறது. தடுப்பூசியில் எந்தெந்த வைரஸ் ரகங்கள் இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். அந்த ரகம் முட்டையில் செழித்து வளர்வதற்காக, 1934இல் போர்ட்டோ ரிக்கோ நோயாளியிடமிருந்து பிரிக்கப்பட்ட பழைய வைரஸுடன் கலந்து கலப்பினமாக்குவது வழக்கம். பத்துப் பதினொரு நாள் அடைகாத்த கருமுட்டையின் ஓட்டைத் துளைத்து, கருவைச் சூழ்ந்த நீரில் வைரஸைச் செலுத்துகிறார்கள். இரண்டு மூன்று நாள் வெப்பத்தில் வைத்தபின் அந்த நீரை எடுத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து தூய்மையாக்குகிறார்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமாக்ளுட்டினின் கொண்ட அரை மில்லிலிட்டர் ஊசியாக அது வெளிவர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

பெருந்தொற்றின்போது இந்த ஆறு மாதம் உயிர்களை விலையாகக் கேட்கிறது. 1957 ஏப்ரலில் ஹாங்காங்கில் காய்ச்சல் பரவுவதைச் செய்தித்தாளில் கண்ட அமெரிக்க அறிவியலாளர் மாரிஸ் ஹில்மன், வைரஸை வரவழைத்து ஆராய்ந்தார். கருமுட்டைக்குத் தட்டுப்பாடு வராமலிருக்கப் பண்ணைகளில் சேவல்களைக் கொல்லாமல் வைத்திருக்கும்படியும் எச்சரித்தார். அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் சுமார் 4 கோடி டோஸ் தயாரானது. அதே ஆண்டு மே மாதம், சிங்கப்பூரிலிருந்து மதராஸுக்கு வந்த கப்பலோடு அந்த வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இந்தியாவில் வைரஸ் தடுப்பூசியை முந்திக்கொண்டது. 2009 மே மாதம் ஹைதராபாதில் முதல் பன்றிக் காய்ச்சல் நோயாளி கண்டறியப்பட்டார். ஆகஸ்டில் புனேயில் முதல் மரணம். உள்நாட்டில் தயாரான முதல் தடுப்பூசியை சைடஸ் கடிலா 2010 ஜூனில் வெளியிட்டது. மூக்கில் செலுத்தும் தடுப்பு மருந்தைச் சீரம் நிறுவனம் ஜூலையில் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இதற்கு விஞ்ஞானிகளைக் குறைசொல்ல இடமில்லை. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி வாங்கப்படாத நாட்டில் அதற்கான முட்டைப் பண்ணையும் கருவிகளும் பழகிய கைகளும் ஆயத்தமாக இருப்பதில்லை. பருவகாலத் தேவை நிலையாக இருந்தால்தான் பெருந்தொற்றுக்கால உற்பத்தி விரைவாக நடக்கும்.

பருவகாலத் தேவையை வளர்ப்பதென்றால் ஊசி உரிய மாதத்தில் கிடைக்க வேண்டும். 2009 முதல் 2013 வரை பத்து இந்திய நகரங்களில் நடந்த கண்காணிப்பில், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை ஃப்ளூ உச்சம் கண்டது. டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலுமோ, வடகிழக்குப் பருவமழையையொட்டி அக்டோபர், நவம்பரில். நாட்டின் பெரும்பகுதிக்கு ஏற்ற ஏப்ரல், மே மாத ஊசி, சென்னைவாசியின் உடலில் ஐப்பசி மழைக்குள் வலுக்குறைந்திருக்கும். சென்னைக்கு ஆகஸ்டும் செப்டம்பரும் பொருத்தம். பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட வட அரைக்கோள ஊசி சந்தைக்கு வரும் வேளையும் ஏறத்தாழ அதுவே. முதல்முறை போட்டுக்கொள்ளும் சிறு குழந்தைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஒரே நாட்டில் இரண்டு அட்டவணையா என்ற நிர்வாகத் தயக்கம் வலுவற்றது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைத் தானே கொள்முதல் செய்கிறது; வாங்கும் மாதத்தையும் அதுவே முடிவுசெய்யலாம்.

தடுப்பூசியின் ஆற்றல், பாதுகாப்பு பற்றிய ஐயங்களுக்கு ஆதாரம் உண்டு. ரகங்கள் நன்கு பொருந்திய ஆண்டிலும் மருத்துவரை நாட வைக்கும் ஃப்ளூவை அது 40 முதல் 60 விழுக்காடு வரையே குறைக்கிறது. 1976இல் வராத பெருந்தொற்றுக்காக அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்ட ஊசியால், இலட்சத்தில் ஏறக்குறைய ஒருவருக்குக் கூடுதலாக கில்லன் பாரி நரம்பு நோய் வந்தது. இன்றைய பருவகால ஊசிகளில் அப்படியொரு அபாயம் இருந்தாலும் பத்து இலட்சத்தில் ஓரிருவருக்கே. நீரிழிவும் இதயநோயும் உள்ள முதியவருக்கு ஃப்ளூவால் வரும் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு.

மாதக் கணக்கு கர்ப்பிணிகளுக்கு மட்டும் பொருந்தாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியே வரும் எதிர்ப்பொருளே அதற்குக் காப்பு. ஆகவே கர்ப்பிணி எந்த மாதத்தில் மருத்துவமனைக்கு வந்தாலும், அப்போது கையிருப்பில் உள்ள செயலிழந்த வைரஸ் ஊசியை அன்றே போட்டுவிட வேண்டும்.